பட்டம் தவறிய விதையும் பாதியில் நின்ற பாடமும்



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

குடைமிளகாயைப் பற்றி எழுத மதரஸா ஆசிரியருக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் வியக்கக்கூடும். ஒரு சிறுமி கேட்ட கேள்விக்கு நாம் அளித்த அரைகுறைப் பதிலைப் பற்றி எழுதவே அமர்ந்தோம். அந்தக் கேள்வி ஒரு குடைமிளகாய்ச் செடியிலிருந்து பிறந்தது. ஆகவே செடியைச் சொல்லாமல் கேள்வியைச் சொல்ல இயலாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம். நமது மக்தபில் பிள்ளைகளுக்கு ‘அல்வாகிஆ’ அத்தியாயத்தின் கருத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். விதைப்பவன் மனிதன், அதை முளைக்க வைப்பவன் யார் என்று அல்லாஹ் மனிதனைச் சிந்திக்கச் சொல்லும் இடம் அது. எதிரே அமர்ந்திருந்த பிள்ளைகள் பெரும்பாலும் கோட்டைமேடு, கரும்புக்கடைப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. மண் தரையைக் காண்பதே அரிது. விதையைப் பற்றிய வசனத்தை அழகுற ஓதத் தெரிந்த அப்பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு விதையை மண்ணில் ஊன்றியிருக்கிறார்கள் என்று கேட்டோம். ஒரு கைகூட உயரவில்லை. “வீட்டில் ஏதேனும் ஒரு விதையை பிஸ்மில்லாஹ் சொல்லி ஊன்றுங்கள். தண்ணீர் ஊற்றுங்கள். துஆ செய்யுங்கள். முளைக்க வைப்பவன் அல்லாஹ்” என்று சொல்லி அனுப்பினோம். எந்த விதை, எந்த மண், எந்த மாதம் என்பதை நாம் சொல்லவில்லை. நமக்கும் அது தெரியாது.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, தன் அம்மா சமையலுக்கு நறுக்கிய பச்சைக் குடைமிளகாயின் விதைகளை எடுத்து, பெயிண்ட் வாளியில் செம்மண் நிரப்பி ஊன்றினாள். இருபது விதைகளில் மூன்றே முளைத்தன. அவற்றில் ஒன்று தேறியது. பங்குனியில் அந்தச் செடி வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அது ரமலான் மாதமாகவும் அமைந்தது. நோன்பு திறக்கும் வேளையில் கேட்கும் துஆவுக்குத் தனி மதிப்பு உண்டு என்று நாமே சொல்லிக்கொடுத்திருந்தோம். அவள் ஒவ்வொரு நாளும் கஞ்சிக் கிண்ணத்தின் முன் அமர்ந்து தன் செடி காய்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பூக்களோ ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பெருநாள் வந்தபோது செடியில் ஒரு பிஞ்சும் இல்லை.

விடுமுறைக்குப் பின் மக்தப் திறந்த அன்று அவள் வந்து நின்று கேட்டாள்: “ஹஜ்ரத், நோன்பு தொறக்கும்போதெல்லாம் கேட்டேன். அல்லாஹ் ஏன் தரலை?”

நாம் உடனே பதில் சொன்னோம். “இல்லை கண்ணு, அல்லாஹ் துஆவை வீணாக்குவதில்லை. கேட்டதைத் தருவான், அல்லது அதற்கு ஈடாக ஒரு தீங்கை விலக்குவான், அல்லது மறுமைக்குச் சேமித்து வைப்பான்.” இது நபிமொழியின் கருத்து, ஐயமற்ற உண்மை. அவள் தலையாட்டினாள். ஆனால் அவள் முகம் தெளியவில்லை. நமக்கும் உள்ளுக்குள் ஏதோ இடறியது.

சில நாட்கள் கழித்து உழவர் சந்தையில் காய் வாங்கும்போது, தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் முதிய விவசாயி ஒருவரிடம் இதைப் பேச்சுவாக்கில் சொன்னோம். அவர் சிரித்துவிட்டார். “குடைமிளகாய்ப் பூ இந்த வெயிலுக்கு எங்கீங்க பாய் நிக்கும்? இது வேண்டுதல் குத்தமில்லீங்க, பட்டத்துக் குத்தமுங்க” என்றார்.

அந்த ஒரு சொல் நம்மைக் கூச வைத்தது. நாம் சொன்ன பதில் உண்மையே; ஆனால் நம் அறியாமையை மூடுவதற்கு அந்த உண்மையைப் போர்வையாக்கிவிட்டோம். காய்க்க முடியாத பருவத்தில், முளைக்கத் தயங்கும் விதையை, போதாத மண்ணில் ஊன்றச் சொன்னவர்கள் நாம். அது காய்க்காதபோது கணக்கை அல்லாஹ்வின் பக்கம் எழுதினோம். ஒன்பது வயதுப் பிள்ளை தன் துஆவின் மீதே ஐயம் கொள்ளும் நிலைக்கு அவளைத் தள்ளியது நமது பாதிப் பாடம்.

தவக்குல் என்றால் என்ன என்று நாம் அனைவரும் மேடைகளில் பேசுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கும்படி அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் பதிவாகியிருக்கிறது. அதைச் சொல்லாத உஸ்தாத் இல்லை. ஆனால் கட்டுவதற்குக் கயிறு வேண்டும், முடிச்சுப் போடத் தெரிய வேண்டும். அந்த முடிச்சைக் கற்றுக்கொடுப்பதும் தீனின் பாடமே என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இன்னொரு நிகழ்ச்சி இதைவிடவும் நெருக்கமானது. மதீனத்து மக்கள் பேரீச்ச மரங்களுக்கு ஆண் பாளையின் மகரந்தத்தை எடுத்துப் பெண் பாளையில் வைத்து வந்தார்கள். அதனால் பயன் இருக்கும் எனத் தாம் கருதவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதைக் கேட்டு அவர்கள் அதை விட்டுவிட, விளைச்சல் குறைந்தது. செய்தி எட்டியபோது அண்ணலார் அதை மறைக்கவில்லை. அது தமது கருத்தாகச் சொன்னதே என்பதைத் தெளிவுபடுத்தி, உலகக் காரியங்களில் அம்மக்களின் அறிவுக்கு உரிய இடத்தை அளித்தார்கள். வஹீ இறங்கிய திருத்தூதரே வேளாண் அறிவை அதற்குரியவர்களிடம் விட்டிருக்க, மக்தபில் அமர்ந்திருக்கும் நாம் ஒரு விவசாயியிடம் கேட்க ஏன் தயங்கினோம்?

அதிலும் நாம் வாழ்வது கோயம்புத்தூரில். நாட்டின் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912-ல் இங்கேதான் தொடங்கப்பட்டது. சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் காட்டு நாணல் இனத்தைக் கரும்போடு சேர்த்து உருவாக்கிய ‘கோ 205’ இங்கிருந்து 1918-ல் வெளிவந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971 முதல் இங்கே இயங்குகிறது. அதன் வேர் 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளிவரை செல்கிறது. நெல்லிலும் காய்கறியிலும் எத்தனையோ இரகங்கள் ‘கோ’ என்று நம் ஊரின் முதலெழுத்தைப் பெயரில் சுமக்கின்றன. விதையைப் பற்றி அறிய விரும்புவோர் தேடி வரும் ஊரில் இருந்துகொண்டு, நாம் விதையைப் பற்றி ஒன்றுமே அறியாமல் விதையின் வசனத்தை விளக்கினோம்.

அதன் பிறகு கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் அறிந்தவற்றை, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் கீழே தருகிறோம்.

முதலில் விதை. கடையில் விற்கும் பச்சைக் குடைமிளகாய் முதிராத காய். அதன் விதைகளில் பல முளைக்கும் திறன் பெற்றிருக்காது. சிவப்பு, மஞ்சள் நிறங்களில் பழுத்தவற்றின் விதை முளைக்கும். ஆனால் அவை பெரும்பாலும் ஓசூர் போன்ற இடங்களின் பசுமைக் குடில்களில் விளையும் வீரிய ஒட்டு இரகங்கள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது நெசவுக்குப் பேர்போன நம் கொங்கு மண்ணில் அன்றாடம் வழங்கும் பழமொழி. வீரிய ஒட்டு விதையிடம் அது செல்லாது; அடுத்த தலைமுறையில் வடிவமும் அளவும் விளைச்சலும் சிதறிவிடும். ஆகவே ஒட்டு அல்லாத இரகத்தின் விதையை வாங்குவதே நன்று. பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா மோகினி, அர்கா கௌரவ், அர்கா பசந்த் ஆகியவையும், உலகெங்கும் பழகிய கலிபோர்னியா வொண்டரும் அத்தகையவை. இவற்றில் ஒரு பழத்தைச் செடியிலேயே முழுதும் பழுக்க விட்டு விதை எடுத்தால் மறு ஆண்டுக்கும் உதவும். பக்கத்துத் தொட்டியில் பச்சைமிளகாய் இருந்தால் மட்டும் கவனம் தேவை. அதன் மகரந்தம் கலந்தாலும் இந்த ஆண்டுக் குடைமிளகாய் காரமாகாது. ஆனால் கலந்த விதையிலிருந்து அடுத்த ஆண்டு வரும் செடி காரமாகக் காய்க்கும். காரம் ஓங்கி நிற்கும் பண்பு.

இரண்டாவது பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். நம் ஊர் மாடியில் குடைமிளகாய்க்கு ஆடிக் கடைசியும் ஆவணியும் உகந்தவை. விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். பத்து நாள் முதல் இரண்டு வாரத்தில் முளைவிடும். பூ பிடிப்பதற்கோ குளிர்ச்சி வேண்டும். பகல் வெப்பம் ஏறத்தாழ 32 டிகிரியைத் தாண்டி, இரவும் இதமாகக் குளிராத நாட்களில் மகரந்தம் கெட்டுப் பூக்கள் உதிர்ந்துவிடும். ஆவணியில் விதைத்தால் ஆறு வாரத்தில் நாற்று தயாராகும். ஐப்பசி வாக்கில் நட்டால் கார்த்திகை, மார்கழியின் குளிரில் பூ நிற்கும். தையில் விதைத்தால் பங்குனி வெயிலில் பூக்கும். அந்தச் சிறுமியின் செடிக்கு நேர்ந்தது இதுவே.

மூன்றாவது மண். வெறும் செம்மண் தொட்டியில் இறுகிவிடும். செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஆகிய மூன்றையும் சம அளவில் கலக்கலாம். பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. அதில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்து சேர்க்க வேண்டும். விதையை அரை விரற்கடை ஆழத்தில் குழித்தட்டில் ஊன்றி, ஐந்தாறு இலை வந்ததும் ஓரடி அகலமுள்ள பைக்கோ தொட்டிக்கோ மாற்றலாம். அடியில் துளைகள் கட்டாயம் வேண்டும். ஐப்பசி மழையில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மாடியில் வேகமாக அடிப்பதால் இளஞ்செடிக்குக் குச்சி கட்டுவது நன்று. இலை சுருண்டு, அடியில் அசுவினியோ இலைப்பேனோ தென்பட்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம்.

இதைச் சொன்னபோது நம் பெற்றோர்கள் இரு கேள்விகளைக் கேட்டார்கள். சாணம் நஜீஸ் ஆயிற்றே, அதை இட்டு விளைந்ததை உண்ணலாமா என்பது ஒன்று. சாண உரமிடுவதை ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் அறிஞர்கள் அனுமதித்திருக்கின்றனர். விளைந்த காய் தூய்மையானதே. கையிலோ ஆடையிலோ பட்டால் கழுவிக்கொண்டு தொழுகைக்கு நிற்க வேண்டும், அவ்வளவே. உளூச் செய்த நீரைச் செடிக்கு ஊற்றலாமா என்பது மற்றொன்று. தாராளமாக ஊற்றலாம். அந்நீரால் மீண்டும் உளூச் செய்ய இயலாதே தவிர, செடிக்கு அதில் தடை ஏதுமில்லை. சிறுவாணித் தண்ணீருக்கு நாள் எண்ணிக் காத்திருக்கும் வீடுகளில், ஐவேளை உளூ நீரை ஒரு வாளியில் பிடித்து வைப்பது வீண்விரயத்தைத் தவிர்க்கும் அழகிய பழக்கம் அன்றோ!

கடையில் கால் கிலோ வாங்கிவிட்டால் முடிகிற காரியத்துக்கு இத்தனை பாடு எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். பணக் கணக்கில் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. மண்ணும் பையும் வாங்கிய செலவுக்கு இரண்டு செடியின் காய் ஈடாகாது. மக்தபில் கிடைக்கும் ஒரு மணி நேரம் ஓதுவதற்கே போதவில்லையே என்று வருந்தும் உஸ்தாதுகளின் கவலையும் நியாயமானதே. செடி வளர்ப்பைப் பாடத்திட்டமாக்கும்படி நாம் கேட்கவில்லை. ஒரு வீட்டில் ஒரு செடி, அதுவும் விதையிலிருந்து. அதைப் பற்றி வாரத்துக்கு ஐந்து நிமிடப் பேச்சு. இவ்வளவே நம் வேண்டுகோள்.

ஏன் விதையிலிருந்து? நாற்றங்காலில் பூவோடு வாங்கி வரும் செடி பிள்ளைக்குக் காத்திருப்பைக் கற்பிக்காது. விதைத்தது முதல் காய் பறிக்க நான்கு மாதமாகும். சிவந்து பழுக்க அதற்கு மேலும் சில வாரங்கள். அந்த மாதங்களில் பிள்ளை தன் கடமை எது, தன் கைக்கு அப்பாற்பட்டது எது என்று நாள்தோறும் பிரித்தறிகிறது. சப்ர் என்பதும் தவக்குல் என்பதும் அதற்கு அகராதிச் சொற்களாக இல்லாமல் பழக்கமாகின்றன. மனனமாக ஓதிய வசனம் அப்போதுதான் அதன் நெஞ்சில் இறங்குகிறது.

இந்தப் பாதிப் பாடத்தின் தீங்கு செடியோடு நிற்பதில்லை என்பதே நம் அச்சம். தேர்வுக்கு முந்தைய நாள் துஆவை மட்டும் சொல்லிக்கொடுத்துப் படிக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்காத வீடுகள் உள்ளன. நோய்க்கு ஓதிப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கும் குடும்பங்கள் உள்ளன. தொழில் நொடித்தவரிடம் கணக்கேட்டைக் கேட்காமல் பொறுமையை மட்டும் உபதேசிக்கும் நம்மைப் போன்றோரும் உள்ளோம். காரணங்களைப் பேணாமல் கேட்கப்பட்ட துஆ கைகூடாதபோது, பிள்ளைகள் தங்கள் முயற்சியைச் சந்தேகிப்பதில்லை; இறைவனின் செவியைச் சந்தேகிக்கிறார்கள். அதைவிடப் பெரிய இழப்பு நம் வீடுகளுக்கு வேறு ஏது?

அந்த வாரமே வகுப்பில் நாம் எழுந்து நின்று, முன்பு சொன்ன பதில் பாதி என்பதை எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டோம். “உன் துஆவில் குறையில்லை கண்ணு. நாங்கள் சொல்லித் தராததில்தான் குறை” என்று அவளிடம் சொன்னோம். ஆவணியில் அவள் மறுபடி விதைத்தாள். இம்முறை பத்து விதையில் ஏழு முளைத்தன. இரண்டை மட்டும் அவளுடைய அத்தா மாடியில் பையில் நட்டுக் கொடுத்தார். ஐப்பசி மழையில் ஒன்று வாடிச் செத்தது. மற்றது நான்கு காய் காய்த்தது. ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். இரண்டு சமையலுக்குப் போயின. ஒன்றை அவள் பறிக்கவிடாமல் சிவக்கும்வரை காவல் காத்தாள். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதக்கா ஆகும் என்ற புகாரீ, முஸ்லிம் நூல்களின் நபிமொழியை அன்று அவளுக்கு விளக்க வேண்டிய தேவை எழவில்லை.

செத்துப்போன செடியைப் பற்றியும் அவள் கேட்டாள்: “அதுக்கு நான் எதைச் செய்யாம விட்டேன் ஹஜ்ரத்?” பையைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடித்துளை மண்ணால் அடைபட்டிருந்தது. காரணம் கிடைத்தது. எல்லா நேரமும் அப்படிக் கிடைக்கும் என்று நாம் அவளுக்கு வாக்களிக்கவில்லை. அனைத்தையும் பேணிய பின்னும் கைகூடாதவை வாழ்வில் உண்டு. அங்கேதான் நாம் முதலில் சொன்ன பதில், மறுமைக்கான சேமிப்பு என்ற அந்த ஆறுதல், தனக்குரிய இடத்தில் அமரும்.

சிவந்த பழத்தின் விதைகளை நிழலில் உலர்த்தி, காகிதத்தில் மடித்து அவள் மக்தபுக்குக் கொண்டுவந்தாள். அடுத்த ஆவணிக்கு அவை வேறு பிள்ளைகளின் வீட்டு மாடிகளுக்குச் சென்றன. உங்கள் வீட்டிலும் ஒரு தொட்டிக்கு இடமிருக்கும். இந்த ஆவணியில் உங்கள் பிள்ளையின் கையில் ஒரு விதையைக் கொடுங்கள். அது காய்க்க என்னென்ன வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், உழைப்போடு கூடிய தவக்குலையும், ஏற்கப்படும் துஆவையும் வழங்குவானாக! அறியாததை அறியாதோம் என்று ஒப்புக்கொள்ளும் துணிவை நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.